வீட்டில் மெய்நிகர் சர்வர் ஆய்வகம்: குறைந்த செலவில் எந்தக் கணினியை வாங்கலாம்?

மீனாட்சிபுரம் (பாலக்காடு): விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாற, இன்டெல் செயலிகளைப் பொறுத்தவரை, பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி தேவைப்படுகிறது. இதனால் அதற்கு முந்தைய தலைமுறைக் கணினிகளை அலுவலகங்கள் கழித்துக்கட்டி வருகின்றன. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத இந்தப் பெட்டிகள், சர்வர் நிர்வாகம் கற்க விரும்பும் ஒருவருக்கு இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியவை.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், பொள்ளாச்சியை நோக்கிய எல்லையில் அமைந்துள்ள மீனாட்சிபுரம் போன்ற ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் வசிக்கின்றன. கணினித் துறை வேலை என்றால் இங்குள்ள இளைஞர்கள் ஒருபுறம் கோவையையும் மறுபுறம் கொச்சியையும்தான் பார்க்க வேண்டியுள்ளது. நேர்முகத் தேர்வுக்குச் செல்லும்போது, சான்றிதழைக் காட்டிலும் 'நீங்களே ஒரு சர்வரை நிறுவிப் பராமரித்திருக்கிறீர்களா' என்ற கேள்விக்கான பதிலே அதிகம் எடை பெறுகிறது. அந்தப் பதிலை வீட்டிலேயே தயாரித்துக்கொள்ள உதவுவதுதான் மெய்நிகர் சர்வர் ஆய்வகம். ஆனால், பணத்தைத் தவறான பெட்டியில் போட்டுவிட்டால், கணினி வாங்கிய செலவை மின்கட்டணம் மிஞ்சிவிடும்.

இப்பகுதி மாணவர்களுக்கு ஓர் இயல்பான சாதகமும் உண்டு. கேரளத்தின் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பப் பாடம் கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டே கற்பிக்கப்படுகிறது. 'கைட்' எனப்படும் கேரளக் கல்வி உள்கட்டமைப்பு மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் இயங்குதளத்தைப் பள்ளிகளுக்கு வழங்கி வருகிறது. ஆகவே, சர்வர் உலகின் பொதுமொழியான லினக்ஸ், இங்கு பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு அந்நியமானதன்று.

ஒரு பெட்டிக்குள் பல கணினிகள்

ஒரே கணினியின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பங்கிட்டு, அதற்குள் பல தனித்தனிக் கணினிகள் இருப்பதுபோல் இயங்கச் செய்வதே மெய்நிகராக்கம். இதைச் செய்யும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். இந்த எண்ணம் புதியதன்று. 1960-களிலேயே ஐபிஎம் நிறுவனம் தன் பெருங்கணினிகளில் இதைச் செய்து காட்டியது. சாதாரண மேசைக் கணினிகளுக்கான மென்பொருளை விஎம்வேர் நிறுவனம் 1999-இல் வெளியிட்டது. 2005-இல் இன்டெல்லும் 2006-இல் ஏஎம்டியும் தங்கள் செயலிகளுக்குள்ளேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. 2007-இல் கேவிஎம் என்ற மெய்நிகராக்கக் கூறு லினக்ஸ் கருவுடன் இணைக்கப்பட்டது. அதன் பின்னர் வீட்டுக் கணினிக்கும் தரவு மையச் சர்வருக்கும் இடையே இருந்த வேறுபாடு, செயல்பாட்டு முறையைப் பொறுத்தவரை, அளவு சார்ந்ததாக மட்டுமே மாறிவிட்டது.

எனவே வாங்குவதற்கு முன், வீட்டில் ஏற்கெனவே உள்ள கணினியைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பகுதியில் சிபியுவைத் தேர்ந்தெடுத்தால், 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரி தென்படும். அது முடக்கப்பட்டிருந்தால் பயாஸ் அமைப்புக்குள் சென்று இயக்கிக்கொள்ளலாம். 8 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியிலேயே விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை இலவசமாக நிறுவி, இரண்டு சிறிய லினக்ஸ் சர்வர்களை ஓட்ட முடியும். முதல் இரண்டு மாதங்களுக்கு இதுவே போதும். ஆர்வம் நீடிக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது நினைவகம்

கடைக்குச் சென்றால் விற்பனையாளர் முதலில் சொல்வது செயலியின் பெயரைத்தான்: 'ஐ7, சார்!' ஆனால் வீட்டு ஆய்வகத்தில் செயலி பெரும்பாலான நேரம் சும்மாவே இருக்கும். முதலில் தீர்ந்துபோவது ரேம் எனப்படும் நினைவகமே. செயலி நேரத்தைப் பத்து மெய்நிகர் கணினிகள் மாறி மாறிப் பகிர்ந்துகொள்ளலாம்; நினைவகமோ, ஒன்றுக்கு ஒதுக்கிவிட்டால் பெரும்பாலும் ஒதுக்கியதுதான்.

கணக்கைப் பார்க்கலாம். ரெட்ஹாட் லினக்ஸ் நிர்வாகத் தேர்வுக்குப் பயிற்சி பெற, தலா 2 ஜிபி கொண்ட இரு மெய்நிகர் கணினிகள் போதும். குபர்நெட்டீஸ் கற்க வேண்டுமெனில், அதன் நிறுவல் கருவியான கியூப்அட்மின் ஒவ்வொரு கணுவுக்கும் குறைந்தது 2 ஜிபி நினைவகத்தைக் கேட்கிறது. கட்டுப்பாட்டுக் கணுவுக்கு 2 செயலிக் கருக்கள் தேவை. மூன்று கணுக்கள் என்றால் 6 ஜிபி. விண்டோஸ் சர்வரில் ஆக்டிவ் டைரக்டரி அமைத்து, அதனுடன் ஒரு விண்டோஸ் 11 கணினியை இணைத்துப் பார்க்க, தலா 4 ஜிபி வீதம் 8 ஜிபி ஒதுக்குவது பொருத்தம். ஹைப்பர்வைசருக்கு 2 ஜிபி. இந்தக் குபர்நெட்டீஸ், விண்டோஸ் பயிற்சிகள் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினாலும் மொத்தம் 16 ஜிபியில் அடங்கிவிடுகிறது, சற்று நெருக்கடியுடன். ஆகவே இன்று 16 ஜிபி, நாளை 32 ஜிபியாக உயர்த்தக்கூடிய பலகை என்பதே தேடலின் தொடக்கமாக இருக்க வேண்டும். நான்கு கருக்கள் கொண்ட 6-ஆம் தலைமுறை ஐ5 செயலியே இதற்குப் போதுமானது. ஆறு கருக்கள் கொண்ட ஐ5-8500டி கிடைத்தால் வசதி கூடும்.

இங்கே ஒரு புதிய சிக்கல் எழுந்துள்ளது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் கொள்முதல் செய்வதால், 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து நினைவக விலை உலகெங்கும் கடுமையாக உயர்ந்தது. மைக்ரான் நிறுவனம் 'க்ரூசியல்' என்ற தன் நுகர்வோர் வணிகத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. 'குறைந்த நினைவகத்துடன் வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்' என்று இதுவரை கூறப்பட்டு வந்த அறிவுரை இதனால் வலுவிழந்துள்ளது. பழைய கணினியைப் பேரம் பேசும்போது, 8 ஜிபி உள்ள பெட்டிக்கும் 16 ஜிபி உள்ள பெட்டிக்கும் இடையிலான விலை வேறுபாட்டைத் தனி நினைவகத்தின் சந்தை விலையுடன் ஒப்பிட வேண்டும். கழிக்கப்பட்ட கணினியில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும் நினைவகமே பல நேரங்களில் அந்தப் பெட்டியின் மிக மதிப்புள்ள பாகமாக இருக்கிறது.

வகையையும் கவனிக்க வேண்டும். 4-ஆம் தலைமுறை வரையிலான மேசைக் கணினிகள் டிடிஆர்3 நினைவகத்தைப் பயன்படுத்துகின்றன. அதை வேறெங்கும் எடுத்துச் செல்ல இயலாது. 6-ஆம் தலைமுறை முதல் பெரும்பாலும் டிடிஆர்4. பழைய சர்வர்களிலிருந்து கழற்றி மலிவாக விற்கப்படும் 'ரெஜிஸ்டர்டு' நினைவகம் சாதாரணக் கணினியில் வேலை செய்யாது. விலையைப் பார்த்து ஏமாறுவோர் இதில்தான் அதிகம்.

பழைய சர்வரா, சிறிய பெட்டியா?

சர்வர் ஆய்வகம் என்றதும் பலரின் மனம் உண்மையான சர்வரை நோக்கிச் செல்வது இயல்பே. டெல் பவர்எட்ஜ் ஆர்710, ஆர்720 போன்ற, தரவு மையங்களில் இருந்து விலக்கப்பட்ட இயந்திரங்கள் அவற்றின் திறனுக்குக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. நினைவக இடங்கள் ஏராளம். ஆனால் இவை எந்த வேலையும் செய்யாத நிலையிலேயே 100 வாட்டுக்கு மேல் மின்சாரம் உறிஞ்சக்கூடியவை. இவற்றின் விசிறிகள் குளிரூட்டப்பட்ட தனி அறைக்காக வடிவமைக்கப்பட்டவை. இரண்டு அறை வீட்டில் இரவில் யாரும் உறங்க முடியாது.

சராசரியாக 150 வாட் எடுக்கும் சர்வர் இடைவிடாது இயங்கினால், 30 நாள்களில் 108 யூனிட் செலவாகும். 20 வாட் எடுக்கும் சிறிய கணினிக்கு அதே காலத்தில் 14.4 யூனிட் மட்டுமே. யூனிட்டுக்கு ரூ. 7 எனக் கொண்டால், முன்னதற்கு மாதம் ரூ. 756, பின்னதற்கு ஏறத்தாழ ரூ. 101. மூன்று ஆண்டுகளில் சர்வருக்கான மின்செலவு ரூ. 27,000-ஐத் தாண்டிவிடும். சிறிய கணினிக்கு அது ரூ. 3,700-க்குள் அடங்கும்.

உண்மையான பாதிப்பு இதைவிட அதிகமாகவும் இருக்கலாம். கேரள மாநில மின்வாரியத்தின் வீட்டுக் கட்டணத்தில், மாதம் 250 யூனிட் வரை படிப்படியான கட்டணம் உண்டு. அதைத் தாண்டினால் முதல் யூனிட் முதலே ஒரே உயர் கட்டணம். மாதம் 180 யூனிட் பயன்படுத்தும் குடும்பம் பழைய சர்வரை வைத்தால் 288 யூனிட்டுக்குச் சென்றுவிடும். அந்தச் சர்வருக்காக வீட்டின் மின்விசிறிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் சேர்த்தே கூடுதல் விலை தர நேரிடும். சிறிய கணினியை வைத்தால் 195 யூனிட்டுக்குள் நின்றுவிடும். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் நிலைமை ஒத்ததே: இரு மாதங்களுக்கு 500 யூனிட் என்ற வரம்பைத் தாண்டியதும் கட்டண அடுக்கே மாறுகிறது. மாநிலம் மாறினாலும் வேலி ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் போடப்பட்டுள்ளது.

இக்காரணத்தால், புத்தகம் அளவேயான 'மினி' வகை அலுவலகக் கணினிகளே வீட்டு ஆய்வகத்துக்கு ஏற்றவை. லெனோவா திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி ஆகியவை இவ்வகையில் பரவலாகக் கிடைப்பவை. 35 வாட் வரம்புள்ள செயலிகள் கொண்ட இவை, வேலை குறைந்த நேரத்தில் பெரும்பாலும் 10 முதல் 20 வாட்டுக்குள் இயங்குகின்றன. மடிக்கணினி நினைவகத்துக்கான இரண்டு இடங்களும் இவற்றில் உண்டு. இடம் பிரச்சினையில்லை என்பவர்கள், அதே நிறுவனங்களின் 'எஸ்எஃப்எஃப்' எனப்படும் சற்றே பெரிய பெட்டிகளைப் பரிசீலிக்கலாம். பல மாடல்களில் நான்கு நினைவக இடங்களும் கூடுதல் வட்டுக்கான இடமும் இருக்கும். மின்செலவு சற்றுக் கூடும்.

புதிதாகவே வாங்க விரும்புவோருக்கு இன்டெல் என்100 செயலி கொண்ட சிறு கணினிகள் உள்ளன. நான்கு கருக்கள், 6 வாட் வடிவமைப்பு வரம்பு. ஆனால் இன்டெல் அதிகாரபூர்வமாக இதற்கு 16 ஜிபி வரையிலான நினைவகத்தையே குறிப்பிடுகிறது. நினைவக இடமும் பெரும்பாலும் ஒன்றே. லினக்ஸ் மட்டும் கற்போருக்கு இது போதும், விண்டோஸ் சர்வரையும் சேர்த்துக் கற்க விரும்புவோருக்குப் போதாது. ராஸ்பெர்ரி பை மலிவானது என்றாலும் அது ஆர்ம் கட்டமைப்பைச் சேர்ந்தது. அலுவலகச் சர்வர்களில் பெரும்பாலானவற்றில் இயங்கும் எக்ஸ்86 மென்பொருள்களை அதில் அப்படியே ஓட்ட இயலாது.

திரை உடைந்த மடிக்கணினியையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மின்தடையின்போது அதன் மின்கலமே யுபிஎஸ் ஆகிவிடும். ஆயினும் ஆண்டு முழுவதும் மின்னிணைப்பிலேயே இருக்கும் பழைய மின்கலம் வீங்கும் ஆபத்து உண்டு. மின்னேற்றத்தை 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் பயன்படுத்த வேண்டும். அடிப்பாகம் உப்பியிருந்தால் மின்கலத்தை உடனே அகற்ற வேண்டும்.

வட்டு, மின்தடை, இடி

சுழலும் வன்வட்டில் நான்கு மெய்நிகர் கணினிகளை ஒரே நேரத்தில் தொடங்கிப் பார்த்தவர்கள் மீண்டும் அதை முயல மாட்டார்கள். 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று தொடக்கத்துக்குப் போதும். பழைய எஸ்எஸ்டியை வாங்கினால், அதில் இதுவரை எவ்வளவு தரவு எழுதப்பட்டுள்ளது என்பதைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். கூடவே ஒரு பழைய வன்வட்டை யுஎஸ்பி வழியாக இணைத்து, வாரம் ஒருமுறை நகலெடுத்து வைப்பது நலம். காப்பு நகலிலிருந்து சர்வரை மீட்டெடுக்கும் பயிற்சி, அதை நிறுவும் பயிற்சிக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

பாலக்காட்டுக் கோடையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதன்று. தகரக் கூரைக்குக் கீழே, மூடிய அலமாரிக்குள் கணினியை வைத்தால் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தரையில் வைத்தால் தூசி. சுவரில் ஒரு சிறு தட்டு அடித்து, காற்றோட்டமாக வைப்பதே சிறந்தது.

இடுக்கியின் மலைப்பகுதிகளில் கவலை வேறு. ஏப்ரல், மே மாதங்களிலும் துலாவர்ஷக் காலமான அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் வேளைகளில் கேரளத்தில் இடி மின்னல் கடுமையாக இருக்கும். சரியான நிலத்தொடர்பு இல்லாத வீட்டில், மின் அதிர்வுத் தடுப்பான் பொருத்தினாலும் பயன் குறைவு. முதலில் மின்பணியாளரை அழைத்து நிலத்தொடர்பைச் சோதிப்பது, கணினி வாங்கும் செலவில் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும். இணையம் செம்புக் கம்பி வழியாக வந்தால் அதன் வழியாகவும் மின் அதிர்வு நுழையும். ஒளியிழை இணைப்பில் அந்த அபாயம் பெருமளவு குறைகிறது. எனினும் வெளியே இருக்கும் மோடத்தின் மின்னிணைப்பை மறந்துவிடலாகாது. இடி வலுக்கும்போது இரண்டையும் கழற்றி வைப்பதே பாதுகாப்பு.

மின்தடைக்கு, வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதை யுபிஎஸ் முறையில் வைத்தாலே போதும். 20 வாட் சுமையை அது பல மணி நேரம் தாங்கும். பயாஸில் 'மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கு' என்ற தெரிவையும் இயக்கி வைக்க வேண்டும். இல்லாவிடில், வெளியூரில் வேலை தேடிச் சென்றவர் வீட்டில் உள்ளோரைத் தொலைபேசியில் அழைத்து 'அந்தக் கருப்புப் பெட்டியின் பொத்தானை அழுத்துங்கள்' என்று கேட்டுக்கொண்டிருக்க நேரிடும்.

மென்பொருள்: கட்டணமில்லா வழிகள்

விஎம்வேரை 2023 நவம்பரில் கையகப்படுத்திய பிராட்காம் நிறுவனம், இஎஸ்எக்ஸ்ஐ என்ற ஹைப்பர்வைசரின் இலவசப் பதிப்பை 2024 பிப்ரவரியில் நிறுத்தியது. 2025 ஏப்ரலில் மீண்டும் வழங்கத் தொடங்கியது. இந்த இடைவெளியில் வீட்டு ஆய்வகங்கள் வைத்திருந்த பலர் வியன்னாவைச் சேர்ந்த நிறுவனம் உருவாக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ என்ற கட்டற்ற மென்பொருளுக்கு மாறினர். 2008 முதல் வெளிவரும் இது டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. சந்தா இன்றியும் முழுமையாகப் பயன்படுத்தலாம். முழு மெய்நிகர் கணினிகளுடன், மிகக் குறைந்த நினைவகத்தில் இயங்கும் எல்எக்ஸ்சி கொள்கலன்களையும் ஓட்டுவதால், 16 ஜிபி பெட்டிக்கு இதுவே பொருத்தமானது.

பயிற்சிக்கான இயங்குதளங்களுக்கும் பணம் தேவையில்லை. ரெட்ஹாட் நிறுவனம் தனிநபர் உருவாக்குநர் சந்தாவில் 16 கணினிகள் வரை கட்டணமின்றி அனுமதிக்கிறது. விண்டோஸ் சர்வரின் மதிப்பீட்டுப் பதிப்பு 180 நாள்களுக்குக் கிடைக்கிறது. சந்தையில் கள்ளப் பதிப்புச் சாவிகளை வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

2023 ஜூனில் தொடங்கிவைக்கப்பட்ட கேரள அரசின் 'கே-ஃபோன்' திட்டமும் தனியார் நிறுவனங்களும் ஒளியிழை இணைப்பைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசெல்கின்றன. எனினும் வீட்டு இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதால், வெளியிலிருந்து வீட்டுச் சர்வரை நேரடியாக அணுக முடியாது. டெயில்ஸ்கேல், வயர்கார்டு போன்ற மறையாக்கப்பட்ட வழிகளைப் பயன்படுத்தலாம். ப்ராக்ஸ்மாக்ஸின் நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடுவது கதவைத் திறந்துவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம்.

வாங்கும் இடத்தில் செய்ய வேண்டியவை

இப்பகுதியில் இருந்து கோவைக்கோ கொச்சிக்கோ சென்று வாங்கி வந்த பெட்டி பழுதானால், திருப்பிக் கொடுக்க ஒரு நாள் வேலை கெடும். எனவே கடையிலேயே அரை மணி நேரம் செலவிடத் தயங்கக் கூடாது. ஜிஎஸ்டி ரசீது கேட்டுப் பெற வேண்டும். அதில் வரிசை எண் எழுதப்பட்டிருக்க வேண்டும், உத்தரவாதக் காலமும்.

பெட்டியை இயக்கியவுடன் பயாஸுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். கடவுச்சொல் கேட்டால் வாங்க வேண்டாம். பழைய அலுவலகம் இட்ட பூட்டை நீக்குவது சில மாடல்களில் மிகக் கடினம். தேதியும் நேரமும் தவறாக இருந்தால் பலகையில் உள்ள நாணய மின்கலம் தீர்ந்திருக்கிறது. அது சிறு செலவுதான்.

மின் அடாப்டர் அதே நிறுவனத்தின் அசலா என்பதை உறுதிசெய்வது மிக அவசியம். டெல் மினி கணினிகள் அடாப்டரை அடையாளம் காண முடியாவிட்டால் செயலியின் வேகத்தைக் குறைத்துவிடும். ஆறு கருக்கள் கொண்ட செயலிக்குப் பணம் கொடுத்துவிட்டு அதில் பாதி வேகத்தைக்கூடப் பெறாமல் போவோர் உண்டு. மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு பென்டிரைவில் எடுத்துச் சென்று நினைவகத்தை ஒருமுறையாவது சோதிக்கலாம். முழுச் சோதனைக்கு நேரம் பிடிக்கும் என்பதால், ஏழு நாள்களுக்குள் மாற்றித் தரும் ஒப்புதலை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, மீதியை வீட்டில் ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டுப் பார்க்கலாம்.